வட்டு உள்ளே இருக்கும்வரை

குரு என்றதும் தாடியையும் மான்தோலையும் தேடாதீர்கள். இந்தக் கதையின் குருவுக்கு வயது இருபத்தொன்பது. பெயர் இசக்கியம்மாள். தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். சீடருக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. பெயர் சந்தியாகு. மீன்பிடி வள்ளத்து எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியே தலை நரைத்தவர்.

அவர் சீடரானதற்குக் காரணம் ரோஷம்தான். செல்போனில் பேச மட்டுமே முடிந்த காலம் அது. அவருடைய கடற்கரை ஊரில் மீனவர் சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. சாயங்காலமானால் அதில் காற்று நிலவரம் பார்த்து மைக்கில் சொல்வார்கள். அதைக் கேட்ட பிறகுதான் வள்ளங்கள் கடலில் இறங்கும். கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் டவுனிலிருந்து ஆள் வரவேண்டும். "நம்ம ஊர்ப் பொருளை நமக்கே தொடத் தெரியாதா?" என்று இசக்கியம்மாள் கடைக்கே படிக்கக் கிளம்பிவிட்டார் சந்தியாகு. ஊர் சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நன்றாகவே கற்றார். ஒரே குறை, எதைத் தொடுவதற்கு முன்னாலும் கேட்பார். பதில் தெரிந்தாலும் கேட்பார்.

ஒருநாள் அதையே கேட்டுவிட்டார்.

"டீச்சர், உங்ககிட்ட கேக்காம நான் எப்ப வேலை செய்வேன்?"

"இதையும் எங்கிட்டதான் கேக்கீங்களா, அண்ணாச்சி?" என்றாள் இசக்கியம்மாள். கையிலிருந்த ஸ்க்ரூவைத் திருகி முடித்தாள்.

அன்று மத்தியானமே சங்கச் செயலாளர் கஸ்பார் போன் செய்தார். கரண்ட் போய் வந்ததிலிருந்து கம்ப்யூட்டர் பாதியில் நின்றுவிடுகிறதாம்.

அந்தக் கம்ப்யூட்டர் நல்லபடியாக இருந்தபோதே அது கெட்டால் எழுப்பிவிட ஒரு மீட்பு வட்டு, அதாவது ஒரு சி.டி., தயாரித்து வைத்திருந்தாள் இசக்கியம்மாள். அதை உறையோடு எடுத்து நீட்டினாள்.

"போய்ட்டு வாங்க."

"தனியாவா?"

"உங்க ஊருதான?"

சந்தியாகுவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இருந்தாலும் வட்டு இருக்கிறதா என்று இரண்டு தடவை உறையைத் திறந்து பார்த்துக்கொண்டார்.

சங்கத்துக்குப் போய் வட்டைப் போட்டார். கம்ப்யூட்டர் வட்டிலிருந்து எழுந்து, என்ன செய்யவேண்டும் என்று கேட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றவும் வழி இருந்தது, கெட்டதை மட்டும் சரி செய்யவும் வழி இருந்தது. எது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் போனை எடுத்தார்.

"டீச்சர், அழிக்கவா, சரி பண்ணவா?"

"உங்களுக்கே தெரியும்" என்று அவள் வைத்துவிட்டாள்.

சரி செய்வதையே தேர்ந்தெடுத்தார். வேலை எவ்வளவு ஆயிற்று என்று காட்டும் கோடு திரையில் மெல்ல நகர்ந்து முடிந்தது. கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தது. எழுந்ததும் மறுபடி அதே கேள்வி: என்ன செய்யவேண்டும்?

திரும்பவும் செய்தார். திரும்பவும் அதே கேள்வி.

வெளியே மணலில் வள்ளங்கள் வரிசையாகக் காத்திருந்தன. "எஞ்சினா இருந்தா சுத்தியலால ரெண்டு போட்டிருப்பாரு" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அது சந்தியாகுவுக்குச் சுருக்கென்றது.

கஸ்பார் எட்டிப் பார்த்தார். "அண்ணே, வெயில் எறங்கிட்டு. இன்னைக்கு யாரும் எறங்க வேண்டாம்னு சொல்லிரவா?"

"செத்த பொறு" என்ற சந்தியாகு, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மறுபடி போனை எடுத்தார்.

இசக்கியம்மாள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். திரையைப் பார்த்தாள். "என்ன செஞ்சீங்க?"

ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். வட்டு இருந்த தட்டு வெளியே வந்தது. வட்டை எடுத்து உறையில் போட்டாள்.

"இப்ப மிஷின அணைச்சிட்டுப் போடுங்க."

போட்டார். கம்ப்யூட்டர் தானாகவே எழுந்தது. ஊர்க் கோயில் படம் திரையில் வந்தது. வைத்தது வைத்தபடி எல்லாம் இருந்தது.

"நான் என்ன தப்பு பண்ணேன், டீச்சர்?"

"ஒண்ணும் பண்ணல. மொத தடவையே சரியாயிட்டு. வட்டு உள்ள இருந்தா மிஷினு அந்த வட்டத்தான் தேடிப் போகும். தானா எந்திரிக்காது. ஏன் எடுக்கல?"

சந்தியாகு தலையைச் சொறிந்தார். "எதுக்கும் இருக்கட்டும்னுதான். உள்ள இருந்தா ஒரு தைரியம்."

இசக்கியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. "இது இங்கயே அலமாரியில இருக்கட்டும்" என்று வட்டை அவர் கையில் கொடுத்தாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. காற்று மிதமாகத்தான் இருக்கிறது, வள்ளங்கள் இறங்கலாம் என்றார் கஸ்பார். அதோடு விடவில்லை. "கம்ப்யூட்டரச் சரி பண்ணது வெளியாளு இல்ல. நம்ம சந்தியாகு அண்ணன்!"

மணலில் விசில் பறந்தது. சுத்தியல் என்று கேலி பேசியவன் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. சந்தியாகுவுக்குக் கண் கலங்கிவிட்டது. இசக்கியம்மாளுக்கும் பெருமை தாங்கவில்லை. அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

சந்தியாகு ஸ்கூட்டர்வரை கூடவே வந்தார்.

"டீச்சர், நாளைக்குக் கடைக்கு எத்தன மணிக்கு வரட்டும்?"

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

"அதான் வட்ட வெளிய எடுத்தாச்சுல்லா, அண்ணாச்சி."