பேசும் கணினிக்குப் பூட்டு வந்த விதம்

அந்தக் காலத்தில், கணினிகள் தமிழ் பேசத் தொடங்கிய புதிதில், அவற்றின் வாயில் ழகரம் நுழையவில்லை. பழத்தைப் பளம் என்றன. மழையை மளை என்றன.

பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் அப்படிப் பதினோரு லினக்ஸ் கணினிகள் இருந்தன. அவற்றைப் பராமரித்தவர் எபனேசர். எந்த மென்பொருளானாலும் பைனரிப் பொதியாகத்தான் இறக்குவார். எங்கோ யாரோ கட்டி முடித்து அனுப்புவது அது. இறக்கிய நிமிடமே ஓடும். உள்ளே கைவைத்துத் திருத்த வழியில்லை.

தமிழாசிரியை செண்பகவல்லிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பளமும் மளையும் கேட்டுக் கேட்டு அவருக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது.

"இதோட மூலநிரல் கிடைக்குமா சார்?"

"கிடைக்கும் டீச்சர். ஆனா திருத்தி, நாமளே கட்டணும். ரெடியா ஒண்ணு இருக்கும்போது அந்தப் பாடு எதுக்கு?"

"யாருக்கு சார் ரெடி? எங்களுக்கா?"

செண்பகவல்லி மூன்று மாதம் உட்கார்ந்தார். நிரலை வரிவரியாக அந்தக் கணினியையே வாசிக்க வைத்துக் கேட்டார். ஒலி விதிகளைத் திருத்திக் கட்டினார், ஓடவில்லை, மறுபடி கட்டினார். ஒருநாள் கணினி "மழை" என்றது. பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். அதன்பின் அது சொன்னதையெல்லாம் நம்பினார்கள்.

கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு அந்தப் பள்ளியிலேயே நடந்தது; வினாத்தாளைக் கணினிகள்தான் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும். அன்று காலை, எபனேசர் எல்லாக் கணினிகளையும் புதுப்பித்தார். ஒரே கட்டளைதான். புதிய பைனரி வந்து இறங்கியது. செண்பகவல்லி கட்டியது அழிந்தது.

தேர்வு முடிந்ததும் மரகதம் என்ற மாணவி சுவரைத் தடவியபடி வேகமாக வந்தாள்.

"டீச்சர், உளவைப் பத்திக் கட்டுரை! ஒற்றர்கள், ராஜாக்கள்னு நாலு பக்கம் எழுதிட்டேன்."

"உளவா?" செண்பகவல்லி எபனேசரை அழைத்தார். "வினாத்தாளைப் பார்த்துப் படிங்க."

"உழவின் பெருமை," என்று படித்தார் அவர்.

"இப்போ கணினியைப் படிக்க விடுங்க."

"உளவின் பெருமை," என்றது கணினி.

செண்பகவல்லியின் கை மேசைமேல் இடிபோல் விழுந்தது. "யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"புதுசு வந்திருந்துச்சு டீச்சர்... பாதுகாப்புக்காகத்தான்..."

"யாருக்குப் பாதுகாப்பு? பதினோரு பிள்ளைங்க தலையில மண்ணு விழுந்திருக்கு! மாத்தினப்புறம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காதுல வாங்கினீங்களா?"

எபனேசர் வினாத்தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

இருவரும் தேர்வு அலுவலகத்தில் போய் முறையிட்டார்கள். "எழுதினதுக்குத்தான் மார்க்," என்று அதிகாரி கோப்பை மூடினார். ஆறு மதிப்பெண்ணில் மரகதத்துக்கு இடம் போனது.

மறுநாள் செண்பகவல்லி சொல்லச் சொல்ல, எபனேசர் மூலநிரலிலிருந்து அதை மறுபடி கட்டினார். எந்தப் புதுப்பிப்பும் தொடாதபடி பூட்டினார்.

"மன்னிச்சிடுங்க டீச்சர்."

"அதை மரகதத்துக்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

அந்த நாளிலிருந்துதான், அந்தப் பள்ளியில் மற்ற மென்பொருளெல்லாம் பைனரியாக வந்தாலும், பேசும் மென்பொருளை மட்டும் அங்கேயே கட்டிப் பூட்டி வைக்கிறார்கள். பார்வையில்லாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டு, சரி என்று சொல்லாமல் யாரும் அதை மாற்றக் கூடாது. மரகதத்தின் ஓர் ஆண்டைத் தின்றுவிட்டுத்தான் அந்த வழக்கம் வந்தது.