மாதிரிக்கு ஒரு குரல்

காடு என்றால் காடுதான். அதற்குப் பெயரெல்லாம் கிடையாது. காட்டுக்கு நடுவில் ஒரு புல்வெளி. புல்வெளி ஓரத்தில் ஒரு மருதமரம். மரத்தின் உச்சியில் ஒரு மந்தி. இந்தக் கதை அந்த மந்தியின் கதை. நடுவில் கேள்வி கேட்காமல் கேளுங்கள், பிள்ளைகளே.

மந்தியின் பெயர் நெட்டைவால். வேலை, காவல். கீழே புள்ளிமான் கூட்டம் மேயும். மந்தி மேலே உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கும். புலியோ சிறுத்தையோ தலை காட்டினால், "கக்! கக்!" என்று கத்தும். அவ்வளவுதான். மான்கள் வாயில் இருக்கும் புல்லை மெல்லாமலே ஓடும்.

எங்கே ஓடும்? புல்வெளியின் கீழ்க்கோடியில் இரண்டு பெரிய பாறைகள். அவற்றுக்கு நடுவே ஒரு மான் நுழைகிற அளவு இடுக்கு. அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுந்து, அந்தப் பக்கம் ஆற்று மணலில் இறங்கிவிடும். துரத்தி வருகிற புலி இடுக்குக்குள் பக்கவாட்டில் பாய முடியாது. வாசலில் நின்று உறுமிவிட்டுப் போகும்.

இதற்குக் கூலி என்ன? மந்தி தண்ணீர் குடிக்கத் தரையில் இறங்கும் அல்லவா? அப்போது ஒரு மான் கூடவே வந்து காற்றை மோந்துகொண்டு நிற்கும். தரைக்கு வந்துவிட்டால் மந்தியின் கண் உதவாது. புதருக்குப் பின்னால் இருப்பதை மூக்குதான் சொல்லும். மேலே மந்தியின் கண், கீழே மானின் மூக்கு. அதுதான் பேச்சு.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை, காட்டுக்கோழி ஒன்று சருகைக் கிளறியது. மந்தி அரைத் தூக்கத்தில் இருந்தது. என்ன ஏது என்று பார்க்கவில்லை.

"கக்!"

மான்கள் பறந்தன. இடுக்கு வாசலில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஒரு குட்டிக்குக் கால் பிசகிவிட்டது.

புலியும் இல்லை, பூனையும் இல்லை என்று தெரிந்ததும், கவைக்கொம்பு என்கிற தலைவன் மான் மரத்தடிக்கு வந்தது. கூட்டம் முழுவதும் பின்னால் நின்றது.

"ஏ நெட்டைவாலு! எங்கே புலி?"

"அது... சருகு அசைந்தது, தலைவரே."

"சருகு எங்களைத் தின்னுமா?"

மான்கள் சிரித்தன. மந்திக்கு முகம் இன்னும் கறுத்தது.

"ஒரு குட்டி நொண்டுகிறது பார். தூக்கம் வந்தால் தூங்கிவிட்டுப் போ. கத்தாதே. இன்னொரு தரம் பொய்க் குரல் கொடுத்தாயானால், நான் வேறு காவல் பார்த்துக்கொள்கிறேன்."

மந்தி கிளையை இறுகப் பிடித்துக்கொண்டது. வேறு காவலா? இந்த மரத்தில், இந்தக் கிளையில், வேறொரு மந்தியா? அதுவும் அத்தனை பேர் முன்னால் சொல்லியாயிற்றே!

அன்று முழுவதும் அதற்கு ஒரு தளிர்கூட இறங்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து யோசித்தது. யோசிக்க யோசிக்க ஒன்று தெரிந்தது. இத்தனை காலம் உச்சியில் இருக்கிறது. ஒரு மானாவது தலையை நிமிர்த்தி மேலே பார்த்திருக்கிறதா? புல்லைப் பார்க்கும், குட்டியைப் பார்க்கும், பக்கத்து மானின் புல்லைப் பார்க்கும். மேலே? கிடையவே கிடையாது.

மத்தியானம் தண்ணீர் குடிக்க இறங்கியபோது, துணைக்கு வந்தது பூம்புள்ளி என்கிற பெண்மான்.

"மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் அண்ணே. அவருக்குக் கொம்பு உதிர்கிற காலம். யாரைக் கண்டாலும் எரிந்துவிழுகிறார்."

"கொம்பு உதிர்ந்தால் அதற்கு நானா பொறுப்பு? நான் போகிறேன், பூம்புள்ளி."

"எங்கே?"

"வேறு வேலைக்கு."

பூம்புள்ளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மோந்துகொண்டிருந்த மூக்கு அப்படியே நின்றது. "ஐயையோ! போவதென்றால் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள் அண்ணே. நாங்கள் வேறு ஆள் பார்க்க வேண்டாமா? குட்டிகள் இருக்கின்றனவே!"

"முதலில் எனக்கு இடம் கிடைக்கட்டும். அப்புறம் சொல்கிறேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே."

பூம்புள்ளி வாயைத் திறக்கவில்லை.

மந்தி ஏற்பாட்டில் இறங்கியது. வாலைக் கோதிச் சிக்கெடுத்தது. நெற்றி முடியைத் தண்ணீரில் பார்த்துப் பார்த்துப் படிய வைத்தது. காகத்தைக் கூப்பிட்டு, "எங்கேயாவது காவலுக்கு ஆள் கேட்டால் சொல்லு, ரகசியம்" என்றது. ரகசியத்தைக் காகத்திடம் சொன்ன முதல் மந்தி அதுதான்.

மறுநாளே நரி வந்து மரத்தடியில் நின்றது.

"என்ன தம்பி, வேலை தேடுகிறாயாமே?"

மந்தி கிளையிலிருந்து விழப் பார்த்தது. "யார் சொன்னது?"

"யார் சொன்னால் என்ன? மலைக்கு அந்தப் பக்கம் கடமான் கூட்டம் இருக்கிறது. பெரிய இடம். நல்ல காவலாக ஒன்று பார்த்துத் தரச்சொல்லி என்னை அனுப்பியிருக்கிறார்கள். இருப்பதற்கு அத்திமரம். மரம் முழுக்க உனக்குத்தான். பங்குக்கு ஒரு அணில்கூட வராது."

மந்தி நாலு கிளை கீழே இறங்கியது.

"நரியண்ணே, ஒன்று கேட்கலாமா? கடமான்கள் மேலே பார்க்குமா?"

"என்னது?"

"காவல் இருப்பவனைத் தலை நிமிர்ந்து பார்க்குமா என்று கேட்டேன்."

"பார்ப்பதா! கழுத்து வலிக்கிற மட்டும் பார்ப்பார்கள். அது கிடக்கட்டும். உன்னைப் பற்றி நான் அங்கே எடுத்துச் சொல்ல வேண்டுமே. மரத்தில் உட்கார்ந்து கத்துகிறான் என்றா சொல்வது? கத்தத்தான் எல்லாருக்கும் தெரியுமே."

மந்திக்குச் சுருக்கென்றது. "எல்லாரும் கத்துவார்கள். நான் காற்றைப் பார்த்துக் கத்துகிறவன்!"

"அப்படியா?" நரி காதை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தது.

"கேளுங்கள். பொழுது சாய்கிற நேரம் காற்று புல்வெளியிலிருந்து பாறைப் பக்கம் போகும். அப்போது பாறைமேல் யார் படுத்திருந்தாலும் மான் மூக்குக்குத் தெரியாது. அந்த நேரத்தில் முதலில் பாறையைப் பார்ப்பேன். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கத்துவேன். இருக்கிறது என்றால் கத்தமாட்டேன், இறங்கிப் போய் மான்களை வேறு பக்கம் விரட்டித் திருப்பிவிடுவேன். இதெல்லாம் வேறு மந்திக்கு வருமா?"

"அடேயப்பா!" என்றது நரி. அந்த வியப்பு பொய்யில்லை. "நீ கத்தினால் எல்லாமே அந்த இடுக்குக்குத்தான் ஓடுமா?"

"எல்லாமே. முன்னால் தலைவர். இடுக்குக்குள் அவர் போன பிறகுதான் மற்றவை. இவர்கள் வழக்கம் அது."

"இத்தனை விஷயம் வைத்திருக்கிறாய். இதுவரை யாருமே கேட்டதில்லையா?"

"யார் கேட்டார்கள்?"

"நான் கேட்டேன் பார்த்தாயா?" என்று நரி எழுந்து உடம்பை உதறியது. "இனி ஒன்றுதான் பாக்கி. கடமான் தலைவர் உன் குரலைக் கேட்க வேண்டுமாம். நாளைப் பொழுது சாய்கிறபோது அதோ அந்த மேட்டில் வந்து நிற்பார். மாதிரிக்கு ஒரு குரல் கொடு. முகத்தை மேட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு கொடு. பாறைப் பக்கம் திரும்பிக் கத்தினால் அவருக்குக் கேட்காது."

"மான்கள் ஓடுமே!"

"ஓடட்டுமே. ஓடிவிட்டுத் திரும்பி வந்து மேயும். சருகுக்கு ஓடவில்லையா?"

"தலைவர் திட்டுவார்."

"போகிற இடம் கையில் இருக்கிறவனை யார் திட்டி என்ன?"

மந்திக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. இரவெல்லாம் அத்திப்பழம் கனவில் வந்தது. இடையில் நொண்டுகிற குட்டியும் ஒரு தரம் வந்தது. மந்தி புரண்டு படுத்துக்கொண்டது.

மறுநாள் பொழுது சாய்ந்தது. மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. காற்று பாறைப் பக்கம் வீசத் தொடங்கியது. மந்தி வாலைச் சீராகத் தொங்கவிட்டு, மேட்டைப் பார்த்து உட்கார்ந்தது. மேட்டில் யாரும் தெரியவில்லை. பெரிய இடத்துக்காரர், நிழலில் நிற்பார் என்று நினைத்துக்கொண்டது. மூச்சை இழுத்தது.

"கக்! கக்! கக்!"

பிறந்ததிலிருந்து அப்படி ஒரு குரல் அது கொடுத்ததில்லை. காடு அதிர்ந்தது. மந்தி தலையைச் சாய்த்து, மேட்டிலிருந்து ஏதாவது பதில் வருகிறதா என்று கேட்டது. வரவில்லை.

பிறகுதான், பழக்க தோஷத்தில், பாறையைத் திரும்பிப் பார்த்தது. கத்துமுன் பார்க்க வேண்டியதைக் கத்திய பின் பார்த்தது.

பாறைமேல் சிறுத்தை.

வயிறு பாறையோடு ஒட்டிக் கிடந்தது. வாலின் நுனி மட்டும் அசைந்தது. அதன் கண் நேராக இடுக்கைப் பார்த்திருந்தது.

மான்கள் ஓடிக்கொண்டிருந்தன. முன்னால் கவைக்கொம்பு.

"நில்லுங்கள்! போகாதீர்கள்! பாறை! பாறை!" என்று மந்தி அலறியது. அத்தனை குளம்புச் சத்தத்தில் பேச்சு எங்கே எடுபடும்? அவ்வளவு தூரம் எட்டுவது அதன் காவல் குரல் ஒன்றுதான். அதற்கு அர்த்தமும் ஒன்றுதான்: ஓடு. ‘நில்’ என்று சொல்ல ஒரு குரல் வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. பதற்றத்தில் வாய் மறுபடியும், "கக்!" என்றது.

மான்கள் இன்னும் வேகமாக ஓடின.

கவைக்கொம்பு இடுக்குக்குள் நுழைந்தது. சிறுத்தை பாறையிலிருந்து ஓசையில்லாமல் அதன்மேல் குதித்தது. ஒரே ஒரு சத்தம் கேட்டது. பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்று மோதி, திசைக்கொன்றாகச் சிதறின.

மந்தி கிளையைக் கட்டிக்கொண்டு கீழே பார்த்தது. மரத்தடியில் நரி சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது.

"நரியண்ணே! சிறுத்தை! அங்கே சிறுத்தை!"

"தெரியும்."

"தெரியுமா? அப்படியென்றால்... கடமான் தலைவர்..."

"எந்தக் கடமான்?"

மந்தி, என்ன கேட்பது என்று தெரியாமல், கேட்கக் கூடாததைக் கேட்டது. "என் வேலை?"

"அதுதான் முடிந்துவிட்டதே, தம்பி. சுத்தமாகச் செய்தாய். சிறுத்தையார்கூட மெச்சினார். சரி, எனக்கு எலும்பாவது மிஞ்ச வேண்டும், வரட்டுமா?" என்று நரி பாறைப் பக்கம் ஓடியது.

விடிந்தது. புல்வெளியில் ஒரு மான் இல்லை. வெயில் ஏறிய பிறகு பூம்புள்ளி மட்டும் வந்தது. மரத்தடிக்கு வரவில்லை. தள்ளியே நின்றது.

"நேற்றுப் புலி வந்ததா அண்ணே?"

மந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வரவில்லையா?" பூம்புள்ளி ஓரடி பின்வாங்கியது. "புலி வராமலா கத்தினீர்கள்?"

"என்னை யார் மதித்தார்கள் பூம்புள்ளி?" என்று மந்தி வெடித்தது. "அத்தனை பேர் முன்னால் உங்கள் தலைவர் என்னை ஏசினார். இத்தனை காலத்தில் உங்களில் ஒருத்தராவது தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்ததுண்டா?"

"பார்க்கவில்லையா? அண்ணே, குட்டிகளுக்கு அவர் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதானே! ‘சும்மா சும்மா மேலே பார்க்காதே. மேலே நம் ஆள் இருக்கிறான். நீ நிம்மதியாக மேய்’ என்பார். நேற்றும் அவர் மேலே பார்க்கவில்லை. நீங்கள் கத்தினீர்கள், ஓடினார்."

அதற்குமேல் அது நிற்கவில்லை. ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது.

மத்தியானம் மந்திக்குத் தாகம் எடுத்தது. அடிமரம் வரை இறங்கியது. தண்ணீர் பக்கத்தில்தான் இருந்தது. தண்ணீருக்கு முன்னால் ஒரு புதர் இருந்தது. புதருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கண்ணுக்குத் தெரியவில்லை. மோந்து சொல்லவும் ஆள் இல்லை. புதர் லேசாக அசைந்தது. காற்றாக இருக்கலாம். மந்தி ஏறிக்கொண்டது. இலையில் தேங்கிய பனியை நக்கிக்கொண்டு கிடந்தது.

மழைக்குப் பிறகு புல் தழைத்தது. வேறொரு மான் கூட்டம் புல்வெளிக்கு வந்தது. மந்தி அவசரமாக வாலைக் கோதிக்கொண்டு உச்சிக் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

மான்கள் மரத்தடிக்கு வந்து நின்றன. காகம் அங்கேயும் பறந்து போயிருக்கும்போல. ஒவ்வொரு மானும், குட்டிகள் உட்பட, தலையை நிமிர்த்தி மேலே பார்த்தது. நன்றாகப் பார்த்தது.

பார்த்துவிட்டு, அடுத்த மரத்தைத் தேடிப் போய்விட்டது.

நீதி: வேலையை விட்டுப் போகலாம், நம்பி இருந்தவர்களின் உயிர் தப்பும் வழியை மாதிரிக்குக் காட்டி வேறு வேலை தேடாதே.