ஒழுகிய பட்டம்

நடிகர் அதிரூபனின் கேரவனில் ஒரு பட்டனைத் தட்டினால் பக்கச்சுவர் சோபாவோடு வெளியே நீண்டு அறை அகலமாகும். வால்பாறை மழையில் அந்த நீண்ட பகுதி ஒழுகியது, அதுவும் சரியாக அவருடைய விக் மேல். படத்தில் ஒற்றைக் கையால் லாரியைத் தூக்குகிறவருக்கு அந்தச் சொட்டைத் தாங்க முடியவில்லை.

வெளியே, அந்தப் பகுதிக்கு நேர் மேலே கூரை விளிம்பில், 'மக்கள் சிகரம்' என்று அவருடைய பட்டம் பித்தளை எழுத்தில் மின்னியது. அதை மக்கள் யாரும் கொடுக்கவில்லை. போன வருடம் அவரே தனக்குச் சூட்டிக்கொண்டது.

டிரைவர் சலேத்தைக் கூப்பிட்டார்.

"இன்னைக்குள்ள ஒழுகுறது நிக்கணும். இல்லேன்னா உன் வேலை நின்னுடும். ஆனா என் தலைக்கு மேல எவனும் ஏறக் கூடாது."

"ஏறாம எப்படி சார் பார்க்கிறது?"

"அது உன் பாடு."

சலேத் கும்பிட்டான். "சார் தலைக்கு மேல ஏற, சாரைத் தவிர யாருக்கு சார் தகுதி இருக்கு?"

அதிரூபனுக்கு அது நியாயமாகவே பட்டது. யூனிட் மொத்தமும் வேடிக்கை பார்க்க, குடை பிடித்தபடி ஏணியில் ஏறினார். ஏறியவர் அங்கிருந்தே கத்தினார்.

"டேய், பட்டத்துக்குப் போட்ட ஸ்க்ரூவெல்லாம் இடுக்கை அடைக்கிற ரப்பரைக் கிழிச்சிருக்குடா! அந்த ஓட்டை வழியாத்தான் தண்ணி இறங்குது! எந்த முட்டாள்டா இதை இங்க மாட்டச் சொன்னான்?"

சலேத் ஸ்க்ரூடிரைவரை மேலே நீட்டினான்.

"உங்களுக்குப் பட்டம் கொடுத்தாரே, அவரேதான் சார்."