ரசவடை வண்டிக்குக் கிடைத்த இடம்

தெற்கே ஓர் ஊரில் முன்பு ஒரு தள்ளுவண்டி இருந்தது. அதன்மேல் ஓர் எண்ணெய்ச்சட்டியும் ஒரு ரசப்பானையும் இருந்தன. மூன்றுக்கும் சொந்தக்காரி சந்தனமாரி. தினமும் மூன்று மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தெருவுக்கு வருவாள். பருப்பு வடை சுட்டு, சூடு ஆறுவதற்குள் தட்டில் போட்டு, கொதிக்கிற ரசத்தை மேலே ஊற்றிக் கொடுப்பாள்.

அவள் வேலை செய்கிற நேரமெல்லாம் மூன்றும் பேசிக்கொண்டிருக்கும். அவள் காதில் அது விழாது.

"என் வாசனைக்குத்தான் ஆள் வருகிறது" என்று சட்டி சொல்லும்.

"வந்தவர்களை இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லிக் கேட்க வைப்பது நான்" என்று பானை சொல்லும்.

வண்டி இந்தச் சண்டைக்குள் போகாது. வீட்டிலிருந்து தெருவுக்கு முக்கால் கிலோமீட்டர். அந்தத் தூரம் உருண்டு வருவதும் திரும்பிப் போவதுமே அதற்குப் போதுமாக இருந்தது.

ஒரு நாள் சுதர்சன் என்ற இளைஞன் பைக்கில் வந்து இறங்கினான். ஊர் ஊராகப் போகிறவன் அவன். எங்கே போனாலும் முதலில் தெருவோரக் கடையைத்தான் தேடுவான். முன்பின் தெரியாதவர்களோடு தோள் உரச நின்று தின்றால்தான் ஓர் ஊருக்குள் வந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றும்.

"ஊதித் தின்னுங்க தம்பி, கொதிக்குது" என்றாள் சந்தனமாரி.

பக்கத்தில் நின்ற கண்டக்டர் ஆவுடையப்பன், "ஊருக்குப் புதுசோ? மொதல்ல ரசத்தக் குடிங்க. வட ஊறட்டும்" என்றார். அவருடைய பேருந்து அங்கே எட்டு நிமிடம் நிற்கும். எட்டு நிமிடத்தில் ஆறு நிமிடம் இந்த வண்டிக்கு.

சுதர்சனுக்கு மூக்கிலும் கண்ணிலும் நீர் வந்தது. மூன்று தட்டு தின்றான். பிறகு கைபேசியை எடுத்து சட்டியை, பானையை, வண்டியை, சிரிக்கத் தெரியாமல் நின்ற சந்தனமாரியைப் படம் எடுத்தான்.

"நாலு பேருக்குத் தெரியணும்க்கா" என்றான். மனதாரத்தான் சொன்னான். அன்றிரவே படங்களை இணையத்தில் போட்டான்.

நாலு பேருக்கு அல்ல, நாடு முழுக்கத் தெரிந்தது. அடுத்த மாதமே கார்கள் வந்தன. வெளியூர்க்காரர்கள் வடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் படம் எடுத்தார்கள்.

"பார்த்தீர்களா, என்னைப் பார்க்க முந்நூறு மைல் தாண்டி வருகிறார்கள்" என்றது சட்டி.

"ஆவுடையப்பனைக் காணோம்" என்றது பானை.

அவர் இரண்டு நாள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எக்கிப் பார்த்தார். எட்டு நிமிடம் முடிந்தது. மூன்றாம் நாள் அவர் வரவில்லை.

கார்கள் நின்ற தெருவில் பேருந்து திரும்ப முடியவில்லை. ஒரு மத்தியானம் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். "நாளையிலிருந்து இங்க வண்டி போடக் கூடாதும்மா" என்றார்கள்.

"பதினோரு வருசமா நிக்கேன் சார். யாருக்கும் எடஞ்சலா இருந்ததில்லயே."

"அப்ப ஒங்களுக்கு இவ்வளவு கூட்டம் இல்ல."

அவள் வேறு இரண்டு தெருக்களில் நிறுத்திப் பார்த்தாள். கார்கள் அங்கும் தேடி வந்தன. அங்கிருந்தும் விரட்டினார்கள்.

அப்போது பெரிய ரோட்டில் புதிதாக ஓட்டல் திறந்த சிவகுருநாதன் வந்தார். "வெயில், மழ ஒண்ணும் கெடையாது. உள்ள வந்து நீங்களே சுடுங்க. வண்டியையும் கொண்டாந்துருங்க. அதப் பாத்தாத்தான் ஆள் உள்ள வரும்" என்றார்.

அவளுக்குப் போக வேறு இடம் இல்லை. தள்ளிக்கொண்டு போனாள்.

"கடைசியில் நமக்கும் ஒரு கூரை" என்றது சட்டி. ஆனால் ஓட்டல் சமையலறையில் அதைவிட நாலு மடங்கு பெரிய சட்டி இருந்தது. பழைய சட்டியைக் கழுவி, பளபளவென்று தேய்த்து, வெறுமனே வண்டியில் வைத்தார்கள். பானைக்குள் காகிதப் பூவைச் செருகினார்கள். வண்டிக்கு மஞ்சள் சாயம் பூசி, விளக்குச் சரம் சுற்றி, வாசலில் நிறுத்தினார்கள். யாராவது சாய்ந்தால் நகர்கிறது என்று நாலு சக்கரத்தையும் சிமெண்டுக்குள் புதைத்தார்கள்.

"எனக்குச் சூடே இல்லை" என்றது சட்டி. அதற்குப் பிறகு அது பெருமை பேசவில்லை.

வண்டி அன்று மூன்று மணிக்குக் காத்திருந்தது. மறுநாளும் காத்திருந்தது.

சந்தனமாரி தலையில் தொப்பி போட்டுக்கொண்டு உள்ளே வடை சுட்டாள். தின்பவர்கள் முகம் அவளுக்குத் தெரியாது. "இன்னொரு கரண்டி" என்று கேட்கும் குரலும் அங்கே வராது. சுவரில் இருந்த ஒரு சதுர ஓட்டை வழியாகத் தட்டுகள் போகும், வரும்.

ஒரு நாள் சுதர்சன் வந்தான். அவளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதால் வெளியே கூப்பிட்டார்கள். தட்டில் ஒரு வாய்தான் குறைந்திருந்தது.

"என்ன தம்பி, தின்னலையா?"

"அந்த ருசி இல்லக்கா."

"அதே பருப்பு. அதே கை."

"தெரியும்க்கா. ஆனா அன்னிக்கு இருந்தது இல்ல."

அவன் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"மலையடிவாரத்துல ஒரு ஊரு. அங்க ஒரு அம்மா வண்டியில முட்டைப் பணியாரம் போடுறாங்களாம். இன்னும் யாருக்கும் தெரியாதாம்."

"தெரியாமலே இருக்கட்டுமே தம்பி" என்றாள் சந்தனமாரி.

அவன் சிரித்தான். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் போன பிறகு அவள் தொப்பியைக் கழற்றினாள். வாசலுக்கு வந்து, தன் கை பட்டுத் தேய்ந்து வழவழப்பான அந்தப் பிடியைத் தொட்டாள். அதிலும் மஞ்சள் சாயம் இருந்தது.

"வந்துவிட்டாள். இன்று போகிறோம்" என்றது வண்டி.

"சக்கரத்தைப் பார்த்தாயா?" என்றது பானை.

"போகிறோம்" என்றது வண்டி.

அவள் குனிந்து சிமெண்டைப் பார்த்தாள். நகத்தால் கீறினாள். அந்த நேரத்தில் ஒரு காரிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. அப்பா கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்.

"நீங்கதானே அந்த ரசவடை அம்மா? கொஞ்சம் வண்டியத் தள்ளுங்க. ஒரு வீடியோ எடுத்துக்கறோம்."

சந்தனமாரி பிடியைப் பிடித்தாள். காலை அகட்டி ஊன்றி, உடம்பில் இருந்த பலம் அத்தனையும் கொடுத்துத் தள்ளினாள். பலகைகள் முனகின. வண்டியும் தன் பங்குக்கு முன்னால் சாயப் பார்த்தது. சக்கரம் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. அவள் விடவில்லை. மூச்சு வாங்க, கழுத்து நரம்பு புடைக்க, மறுபடி தள்ளினாள்.

"போதும்மா, நல்லா வந்திருக்கு" என்றார் அவர். "அப்படியே நெசமா தள்ளுற மாதிரியே இருக்கு."