சீக்கோராக்கள் ஏன் இத்தனை பேர்?

அந்தக் காலத்தில், பறவை பேசினால் மனிதன் நின்று பதில் சொல்லும் மரியாதை இருந்த காலத்தில், வடக்கே பனிக்காட்டு நாட்டில் குடும்பப் பெயர் என்பதே கிடையாது. "யான்!" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஊரில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சலித்துப்போன ஊர்த்தலைவர் ராதிம் ஒரு சட்டம் போட்டார்.

"ஒவ்வொரு வீடும் ஒரு பறவைகிட்ட பெயர் கேட்டு வாங்கணும். பனி உருகுறதுக்கு முந்தி, பெயர் சூட்டுற நாளன்னைக்கு, அந்தப் பறவை உங்க கூரை மேல உட்கார்ந்து தன் பெயரை வாய்விட்டுச் சொல்லணும். பெயர் இல்லாத வீட்டுக்கு விதைக்க நிலம் கிடையாது."

உடனே போட்டி ஆரம்பித்தது. தலைவர் நாரையைப் பிடித்தார். மற்றவர்கள் கொக்கு, குயில், காட்டு வாத்து என்று கௌரவமான பறவைகளாகப் பார்த்து, தீனியைக் கொட்டி வளைத்துப் போட்டார்கள்.

மிலாடா கணவனை இழந்தவள். பிள்ளைகளுக்கே போதாத வீட்டில் கொட்டுவதற்குத் தீனி ஏது? பறவைகள் அவளைக் கண்டதும் வேறு பக்கம் பார்த்தன. "பெயர் வாங்காம விடமாட்டேன்" என்றாள் அவள்.

பனி கொட்டத் தொடங்கியது. ஒருநாள் காலை அவள் சன்னலை ஒரு குருவி கொத்தியது. மஞ்சள் வயிறு, கறுப்புத் தலை. நம்மூர்ப் பட்டாணிக்குருவிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பேச்சில் அதன் பெயர் சீக்கோரா.

"அக்கா, குளிரு தாங்கல. கொஞ்சம் கொழுப்பு இருக்கா?"

"இருக்கறது ஒரே கட்டி. பிள்ளைங்க கஞ்சிக்கு வச்சிருக்கேன். உன் பெயரைத் தருவியா?"

குருவி சிரித்தது. "கைக்குள்ள அடங்குற ஆளு நான். என் பெயர் யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும்."

கட்டியைப் பாதியாக வெட்டிச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டாள். பயமாகத்தான் இருந்தது. அன்று முதல் பிள்ளைகளின் கஞ்சி தண்ணீராக ஓடியது. ராதிம் வந்து பார்த்து, "ஏம்மா, போயும் போயும் இந்தப் பொடிப்பயலா?" என்று கேலி செய்தார். கூட வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பெயர் சூட்டும் நாள் வந்தது. ஊரே அண்ணாந்து பார்த்தது. கூரைகள் காலி! நாரையும் கொக்கும் குயிலும் எப்போதோ தெற்கே பறந்துவிட்டன. வருடா வருடம் நடப்பதுதான். கௌரவம் தேடிய அவசரத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மிலாடாவின் கூரையில் மட்டும் குருவி இறகை உப்பிக்கொண்டு, "சீக்கோரா! சீக்கோரா!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

ராதிமின் முகம் வெளுத்தது. "சட்டம் சட்டம்தான். நிலம் முழுக்க மிலாடாவுக்கு" என்றார். அவர் மனைவி கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதாள்.

"பெயர் இனிமே உன்னுது அக்கா. என்ன செய்யணும், சொல்லு" என்றது குருவி.

மிலாடாவுக்குக் கோபம் இருந்தது, நிறையவே இருந்தது. சிரித்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பக்கத்துக் கூரைக்குப் போ. அதுக்கு அடுத்ததுக்கும் போ. ஒரு வீடு விடாதே."

"தலைவர் வீட்டுக்குமா?"

"அங்கேயும் பிள்ளைங்க இருக்கு. போ."

குருவி கூரை கூரையாகத் தாவி, குரல் கட்டும்வரை தன் பெயரைச் சொல்லித் தீர்த்தது.

அன்று முதல்தான் செக் நாட்டிலும் ஸ்லோவாக்கியாவிலும் ஊருக்கு ஊர் சீக்கோராக்கள் இருக்கிறார்கள். என்ன உறவு என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. ஒரு பிடிவாதக்காரி தன் பெயரைத் தரமாட்டேன் என்று சொல்லாமல் விட்டாளே, அந்த உறவுதான்.