நஞ்சான் பூட்டிய வண்டி

யுத்தம் நடந்த வருஷம் அது. மழையும் பொய்த்திருந்தது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், கிணற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறைக்க ஒரே ஒரு ஜோடி மாடுதான் மிஞ்சியிருந்தது. அதை ஓட்டியவன் பண்ணையாள் நஞ்சான்.

ஒருநாள் பட்டாளத்துக்கு மாடு பிடிக்கும் கன்ட்ராக்டர் வந்தார். "சர்க்கார் உத்தரவு. இதுகளை இப்பவே வண்டியில பூட்டு" என்று சொல்லி, தானும் ஏறி உட்கார்ந்தார். ராகிப் பயிர் கருகிவிடுமே என்று ஊரே கெஞ்சியது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நஞ்சான் வண்டியைப் பூட்டினான். பத்தடி போனதும் நாக்கைச் சொடுக்கினான். மாடுகள் நின்று, அப்படியே பின்னால் நடந்து, கன்ட்ராக்டரோடு வண்டியை வேலிமுள்ளில் கொண்டுபோய்ச் சொருகின.

"என்னடா மாடு இது?"

"கிணத்துல கவலை கட்டித் தண்ணி இறைக்கிற மாடுங்க சாமி. சரிவுல இறங்கித் தண்ணிப் பறியை மேல இழுக்கும், அப்புறம் திரும்பாம பின்னாலயே ஏறி வரும். ஓட்டிட்டுப் போங்க. பட்டாளம் பின்வாங்கறப்ப உதவுமுங்க."

இதைப் பட்டாளத்து வெள்ளைக்காரத் துரையிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்த கன்ட்ராக்டர், சட்டையில் தைத்த முள்ளைப் பிடுங்கியபடி நடையைக் கட்டினார்.

அந்த வருஷம் ராகி விளைந்தது. ஜனங்கள் ஆளுக்கொரு களியுருண்டையோடு நஞ்சானைத் தேடி வந்தார்கள். "உன்னாலதான் எங்க அடுப்பு எரியுது" என்றார்கள்.

அவன் முதல் உருண்டையைப் பிட்டு மாடுகளுக்கு ஊட்டினான். "நான் நாக்கைத்தானுங்க சொடுக்குனேன். நடந்தது இதுகதான்."