கீழ்வீட்டுக் கம்ப்யூட்டர்

கும்பகோணத்தில் அமலன் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் பங்கஜவல்லிதான் மூத்தவள். தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்து சேர்ந்தவள். ஆசிரியர் அவளைவிட மிகவும் இளையவர். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை சார் என்பாள்.

ஒருநாள் வகுப்பு முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

“வீட்டுல ரெண்டு கம்ப்யூட்டர் சார். கீழே என்னுது விண்டோஸ். மாடியில தம்பியோடது லினக்ஸ். ஒண்ணுக்கு ஒண்ணு தெரியவே மாட்டேங்குது. ரெண்டுக்கும் பாஷை வேறங்கறதாலயா?”

“நேர்ல பார்த்தாத்தான் தெரியும்கா” என்றார் அமலன். அவள் வீட்டுக்குக் கிளம்பி வந்தார்.

அவர் மெஷினைத் திறக்கும்போது அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் நன்றாகத் தெரிந்ததாம். தம்பி சாரநாதன் ஜன்னல் வழியாக நீல கேபிளை இறக்கி, இரண்டையும் அவனே இணைத்தான். இவள் மெஷினில் ‘பொது’ என்று ஒரு ஃபோல்டர். மாடியிலிருந்து அவன் அதில் பழைய பாட்டுகளைப் போடுவான். இவள் ‘தோசை வார்க்கிறேன், வா’ என்று எழுதி வைப்பாள். கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே வந்து நிற்பான். குரல் கொடுத்தால் கேட்காதா, இதற்கொரு மெஷினா என்று அம்மா அலுத்துக்கொள்வாள். ஆனாலும் அவனுக்கு முதல் தோசை அம்மா கையால்தான்.

பிறகு அம்மாவுக்கு நெஞ்சில் கோளாறு வந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றான் தம்பி. செய்தே ஆகவேண்டும் என்று இவள் நின்றாள். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. காரியம் முடிந்த அன்று அவன் ஒரு வார்த்தை சொன்னான். அதன்பின் ஒரே வாசலில் போய்வந்தும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது அம்மாவின் முதல் திவசம் வருகிறது. அம்மா பாடியதையெல்லாம் அவன்தான் பதிவு செய்து வைத்திருந்தான்.

“இங்கேயிருந்தே எடுத்துத் தர முடியுமா சார்? அவனுக்குத் தெரியவேண்டாம்.”

“அந்த மெஷினை விடுங்கக்கா. முதல்ல உங்களுதைப் பார்ப்போம்.”

ஒரு பக்கத்தைத் திறந்து, புது ரூட்டர் எப்போது போட்டது என்று கேட்டார். அம்மா தவறிய மாதத்தில் என்றாள்.

“அப்ப இது ஒரு கேள்வி கேட்டிருக்கும். வீட்டுல இருக்கிற மத்த கம்ப்யூட்டருங்க உங்களுதைப் பார்க்கலாமான்னு. என்ன சொன்னீங்க?”

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது.

“வேண்டாம்னு அழுத்தினேன்.”

“அதைத்தான் இன்னிக்கு வரைக்கும் கேட்டு நடக்குது.”

அவர் மவுஸை அவள் பக்கம் நகர்த்தினார். அவளே ‘பார்க்கலாம்’ என்று மாற்றினாள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. அமலன் காபி கிடைக்குமா என்று கேட்டார்.

அவள் டம்ளரோடு திரும்பியபோது ‘பொது’வில் புதிதாக ஒரு ஃபைல் இருந்தது. ‘அம்மா, ஊஞ்சல் பாட்டு.’ பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. ‘அம்மா, பூத்தொடுக்கும்போது.’ பிறகு இன்னொன்று.

“நீங்க எடுத்தீங்களா சார்?”

“நான் தொடவே இல்லை. மாடியிலேருந்து வருது. திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கச் சொல்லி அங்கே வச்சிருக்காங்க. இங்கே மூடியிருந்ததால உள்ளே வர முடியலை.”

“எவ்வளவு நாளா?”

“அது எனக்குத் தெரியாதுக்கா.”

அவள் ஒன்றைத் திறந்தாள். அம்மா பாடினாள். பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்க, ‘அக்காவைக் கூப்பிடுடா, அடுத்த அடி அவளுக்குத்தான் தெரியும்’ என்றாள். தம்பியின் சிரிப்பு கேட்டது. அதோடு முடிந்துவிட்டது.

பங்கஜவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வந்து சேர்ந்ததுன்னு அவனுக்கு எப்படித் தெரிவிக்கிறது சார்? மெயில் போடட்டுமா?”

அமலன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“மாடிப்படி எந்தப் பக்கம்கா?”